பன்னிரண்டு பேருக்கு ஒரே குடலிறக்கம்

டில்லிபாபுவுக்குக் குடல் இறங்கியது 2003ஆம் வருஷத்து ஆடி மாதம், ஒரு யூரியா மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிற நேரத்தில். மூட்டை மேலே போயிற்று, உள்ளே இருந்த ஏதோ ஒன்று கீழே வந்தது. இருபது வருஷமாகத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் அவன். பாதியில் கீழே போட்டால் மேஸ்திரி அய்யாத்துரைக்கு அவமானம் என்று லாரி வரைக்கும் கொண்டுபோய் அடுக்கிவிட்டுத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வலது அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போனது, நின்றால் வெளியே வந்தது.

டோல்கேட் பக்கத்து டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, இது குடலிறக்கம், அறுத்துத் தைத்தால் ஒரு மணி நேர வேலை என்றார். தைக்காமல் திரிந்தால் ஒருநாள் குடல் அங்கேயே சிக்கி முறுக்கிக்கொள்ளும், அப்புறம் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை என்றார். கடைசியில், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். டில்லிபாபு நடுவில் சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பயந்தான்.

பதிவு பெற்ற சுமைத் தொழிலாளிக்குத் தொழிலாளர் நல ஆணையத்தின் சொந்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் உண்டு. வேண்டியது ஒரு தகுதிச் சீட்டு. அவனோடு ஒரே கேங்கில் மூட்டை தூக்குகிற காஜா மொய்தீன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே குடலிறக்கத்துக்கு ஒரே காலையில் சீட்டு வாங்கியிருந்தார். அப்போது ஆணையத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார், அவரிடம் ஒரு பதிவேடு இருந்தது. "நம்ம அய்யாத்துரை ஆள்தானே" என்று கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட ஒழுங்கீனங்களை ஒழிப்பதற்காகத்தான் சீர்திருத்தம் வந்தது.

வடகடலோரத் தொழிலாளர் நல ஒருங்கிணைப்பு ஆணையம் என்பது அந்த ஆணையத்தின் முழுப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் டோல்கேட்டில் ஒரு பஸ் போய்விடும். அதனிடம் நான்கு விதமான கணக்கு நான்கு கம்ப்யூட்டர்களில் இருந்தது: வேலைப் பதிவு, ரேஷன் விவரம், ஆஸ்பத்திரி விவரம், குடியிருப்பு விவரம். நான்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். ஒன்று தேதியை முன்னால் எழுதும், இன்னொன்று மாதத்தை முன்னால் எழுதும். இவற்றை ஒன்றாகச் சேர்த்து, இணையத்தில் ஏற்றி, ஒரு தொழிலாளியின் ஜாதகத்தையே ஒரே திரையில் காட்டுவது என்று தனி அலுவலர் அருள்நாதன் முடிவு செய்தார்.

இதற்காக வந்த ஆலோசகர் திரையில் மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டினார். கீழே மக்கள் பார்க்கும் முகப்பு அடுக்கு, நடுவில் யோசித்து முடிவெடுக்கும் விதி அடுக்கு, மேலே எல்லாம் சேமித்து வைத்திருக்கும் தரவு அடுக்கு. ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடுதான் பேசலாம், நடு அடுக்கைத் தாண்டி மேலே கீழே பேசினால் மொத்தமும் குழம்பிவிடும் என்றார். அவர் சொன்னது மென்பொருளைப் பற்றி. ஆனால் ஆணையத்தின் கட்டடத்துக்கும் மூன்று தளம் இருந்தது. அருள்நாதனுக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

அடுத்த திங்கள்கிழமை முதல் கட்டடமும் அந்த விதிப்படி இயங்கத் தொடங்கியது. தரைத்தளத்து ஊழியர் இரண்டாம் மாடி ஊழியரோடு பேசக் கூடாது. கவுண்டரில் இருந்த குமரேசனின் மனைவி கார்குழலிக்கு இரண்டாம் மாடியில் வேலை. இருவரும் காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து, வாசலில் இறங்கியதும் அன்னியர் ஆனார்கள். அவன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை அவள் முதல் மாடிக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே விதி அலுவலர் திறந்து பார்த்து, சரிபார்ப்புக்காக இரண்டு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துக்கொண்டு கீழே அனுப்புவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பதை இப்படி மாடி மாடியாகக் கட்டி வேறு யாரும் காட்டியதில்லை.

துவக்க விழாவில் அருள்நாதன் பேசினார். "இதுவரை ஒரு தொழிலாளி நான்கு இடத்தில் இருந்தான். இனி ஒரே இடத்தில் இருப்பான். எந்த இடம் என்று அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிந்தால் போதும்." பலத்த கைதட்டல்.

டில்லிபாபு முதலில் தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனான். அரை மணி நேரத்தில் அருள்நாதனின் புகைப்படம் நெற்றியிலிருந்து மீசை வரை இறங்கியது. பிறகு, அருகிலுள்ள முகப்பு அடுக்கை நேரில் அணுகவும் என்று எழுத்து வந்தது. இடுப்புக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் நேரில் அணுகினான்.

குமரேசன் விசையைத் தட்டி, திரையைப் பார்த்து, மலர்ந்த முகத்தோடு சொன்னான். முகப்பு அடுக்கு மலர்ந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது.

"உங்களுக்கு ஏற்கெனவே குடலிறக்க அறுவை நடந்துவிட்டது. ரெண்டாயிரத்து ஒண்ணு, மார்ச் மாதம். வாழ்த்துகள்."

"அது காஜா பாய்க்கு சார். எனுக்கு இப்பதான் எறங்கிகீது. வேணும்னா காட்டறேன்."

நேரில் காட்டும் எதையும் முகப்பு அடுக்கு பார்க்க முடியாது என்று சொல்லி, குமரேசன் அவனுடைய முழு விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தான். நான்கு பக்கம். தொழிலாளி பெயர்: அய்யாத்துரை கேங்கு. ரத்த வகை: ஏ, பி, ஓ. மதம்: இந்து, இஸ்லாம், பௌத்தம். மனைவியர் பன்னிரண்டு பேர். பிள்ளைகள் முப்பத்தொன்று.

நடந்தது இதுதான். வேலைப் பதிவு எழுதுகிறவர்களுக்கு ஆள் முக்கியமில்லை, கேங்குதான் முக்கியம், அதனால் பெயர்க் கட்டத்தில் 'அய்யாத்துரை கேங்கு' என்றே பன்னிரண்டு பேருக்கும் எழுதினார்கள். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மேஸ்திரிக்குத் தகவல் போகட்டும் என்று இவர்கள் சொன்னது அதே பெயர். இவர்கள் குடியிருந்த எம்.கே.பி. நகர் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண், அதற்கும் புதிய எண் என்று மாறி மாறிப் போட்டதில் தபால்காரரே திசை தெரியாமல் நின்றார். பால் பூத்துக்குப் பக்கத்தில் இருந்த அய்யாத்துரை வீட்டுக்குத்தான் கடிதம் ஒழுங்காக வரும். எனவே பன்னிரண்டு பேரும் கொடுத்த முகவரி அது. பிறந்த தேதி எவருக்கும் தெரியாததால், எழுதியவர் எல்லோருக்கும் ஜனவரி ஒன்று, 1960 என்று போட்டு வைத்திருந்தார். பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பது விதி அடுக்கின் விதி. மற்ற தொழிலாளிகள் விஷயத்தில் நான்கு கணக்கும் நாலு விதமாகச் சொன்னபோது, இந்த ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் நான்கும் சிறிதும் பிசகாமல் ஒத்துப்போயின. மென்பொருள் எழுதியவர்கள் அன்றைக்குக் கேக் வெட்டினார்களாம்.

டில்லிபாபுவின் மனைவி அம்மு ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவள். அச்சுத் தாளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மனைவியர் பட்டியலில் அவள் ஏழாவது. "எனுக்கு முன்னால ஆறு பேரு, பின்னால அஞ்சு பேரு. நடுவுல நான் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கோபத்தில் இல்லை. ராத்திரி அவன் வலியில் பல்லைக் கடிப்பது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, பேச வாயெடுத்தால் அழுகை வந்தது, அதனால்தான்.

மறுவாரம் அவன் முதல் மாடிக்குப் போனான். லிப்ட் இருந்தது, ஆனால் அது தரவுகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. குறுந்தகடுகள் ஏறி இறங்கின. டில்லிபாபு கைப்பிடியைப் பிடித்து, வீக்கத்தை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு படி ஏறினான்.

விதி அலுவலரின் மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய சீட்டுகள் இருந்தன. கீழிருந்து ஒரு கேள்வி வந்தால் அவர் மேலே கேட்டுப் பதில் வாங்கித் தருவார், அந்தப் பதிலில் ஒரு நகலைத் தட்டில் போட்டு வைப்பார். மறுபடி அதே கேள்வி வந்தால் மேலே தொந்தரவு கொடுக்காமல் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார். வேகம் கூடியது. போன மாதம் ஒரு கேள்விகூட மேலே போகவில்லை என்று அவருக்குப் பாராட்டுக் கடிதமே வந்திருந்தது.

டில்லிபாபு தன் கதையைச் சொன்னான். தனக்கும் காஜா மொய்தீனுக்கும் உயரம், நிறம், தகப்பன், எதுவும் ஒன்றில்லை என்றான். அலுவலர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, இந்த மாடியில் நீங்கள் தொழிலாளி அல்ல, வினா. வினா படியேறி வரக் கூடாது. கீழே போங்கள், முறைப்படி மேலே வாருங்கள். உங்கள் பதில் தயாராக இருக்கிறது." தட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். அறுவை ஏற்கெனவே நடந்தது.

இனி தனியாகப் போனால் ஆகாது என்று மேஸ்திரி அய்யாத்துரை முடிவு செய்தார். ஒரு புதன்கிழமை அரை நாள் வேலையை விட்டுவிட்டு, பன்னிரண்டு பேரும் ஒரு டாட்டா ஏஸ்கூட இல்லாத காலமாகையால் மீன் லாரி ஒன்றில் ஏறி டோல்கேட்டில் ஆணையத்தின் வாசலில் இறங்கினார்கள். பன்னிரண்டு உடம்பைக் கண்ணால் பார்த்த பிறகு இது ஒரே ஆள் என்று யாரால் சொல்ல முடியும் என்பது அய்யாத்துரையின் கணக்கு. நல்ல கணக்குதான். ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன் என்பதால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டோக்கன் கிடைத்தது, உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது.

விதி அலுவலர் அன்று கீழே இறங்கி வந்து பார்வையிட்டார். அடுத்தடுத்த அடுக்கு ஆகையால் அதற்கு அனுமதி உண்டு.

"பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே வண்டியில், ஒரே கோரிக்கையோடு வந்திருக்கிறீர்கள். இந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு ஒற்றுமையாக ஒருவரால்தான் வர முடியும்." இதைக் குறிப்பிலும் எழுதிக்கொண்டார். போகும்போது, ஒருவர் பன்னிரண்டு நபர்களாக வரிசையில் நிற்பது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் டில்லிபாபு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது கார்குழலி பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்கூட்டர் பஞ்சராகி குமரேசன் தள்ளிக்கொண்டு போயிருந்தான். கட்டடத்துக்கு வெளியே அடுக்கு விதி செல்லாது என்பதால் அவள் பேசினாள்.

"அண்ணே, மேல நாங்க யாரையும் ஒண்ணாக்கல. நீங்க பன்னெண்டு பேரும் தனித்தனியாத்தான் இருக்கீங்க. உங்க போட்டோ, கைரேகை எல்லாம் என் ரூம்லயே இருக்கு, தினம் பாக்குறேன். சேக்குறது எல்லாம் நடு மாடியிலதான்."

"அப்ப நீங்களே அத்த சொல்லிட்லாமே மேடம்."

"கேட்டாத்தான் சொல்லணும். இதுவரைக்கும் யாரும் கேக்கலண்ணே."

சொல்லும்போது அவள் முகம் தாழ்ந்துவிட்டது. கைரேகை எண் போட்டுக் கேட்டால் அது புதுக் கேள்வியாகிவிடும், தட்டில் பதில் இருக்காது, மேலே வந்தே தீரும் என்று அவள் ஒரு வழியும் சொல்லி, அவனுடைய எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். டில்லிபாபு மறுநாளே அப்படிக் கேட்டான். கேள்வி முதல் மாடி வரை போனது. விதி அலுவலர் அதைப் படித்து, இவ்வளவு நீளமான எண் குழப்பம் தரும் என்று அடித்துவிட்டு, மீதியிருந்த பாதிக்குத் தட்டிலிருந்து பதில் கொடுத்தார்.

இப்படிப் புரட்டாசியும் ஐப்பசியும் போயின. எலுமிச்சம்பழம் சாத்துக்குடி ஆயிற்று. டில்லிபாபு வேலையை விடவில்லை. விட்டால் கேங்கில் ஒரு தோள் குறையும், குறைந்தால் கப்பல்காரன் வேறு கேங்கைக் கூப்பிடுவான். கனமான மூட்டையைக் காஜா மொய்தீன் சொல்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அது தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க டில்லிபாபுவுக்கு வெட்கமாக இருந்தது.

கார்த்திகையில் ஆணையத்திலிருந்து அய்யாத்துரை வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. சீட்டு வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிரித்தால் விருது. ஒருங்கிணைந்த தரவுகளை ஆராய்ந்ததில், ஒரே நாளில் பன்னிரண்டு ஷிப்டு வேலை செய்த தொழிலாளி ஒருவர் கண்டறியப்பட்டிருக்கிறார். ஆண்டு விழாவில் அவருக்குச் சிறந்த உழைப்பாளி பட்டம். ஆணையத்துக்கு அடிக்கடி நேரில் வந்து ஆர்வம் காட்டிய உடம்பே அவர் சார்பாக மேடைக்கு வரவேண்டும். அது டில்லிபாபு.

மேடையில் அருள்நாதனை நேருக்கு நேர் பார்க்கலாம், நடுவில் எந்த மாடியும் இருக்காது, காதில் ஒரு வார்த்தை போட்டால் காரியம் முடிந்தது என்று அம்முதான் சொன்னாள். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். காலையிலிருந்தே வலி வேறு மாதிரி இருந்தது, படுத்தாலும் வீக்கம் உள்ளே போகவில்லை. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

விழா ஆணையத்தின் வாசலிலேயே பந்தல் போட்டு நடந்தது. சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு அருள்நாதன் இருபத்தைந்து நிமிடம் பேசினார்.

"ஒரு மனிதன் ஒரே நாளில் பன்னிரண்டு ஷிப்டு பார்க்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது என்பது பழைய பதிவேட்டுக் காலத்து மனநிலை. கண்ணால் பார்த்ததை நம்பிய காலம் அது. இன்று நான்கு கணக்குகள் ஒரே குரலில் சொல்கின்றன. நான்கு பேர் சொன்னால் நான் சந்தேகப்படுவேன். நான்கு கம்ப்யூட்டர் சொன்னால் எப்படிச் சந்தேகப்படுவது? பன்னிரண்டு மனைவியரைக் காப்பாற்றியும், முப்பத்தொரு பிள்ளைகளைப் படிக்க வைத்தும், இவர் இதுவரை ஒரே ஒரு முறைதான் அறுவை செய்துகொண்டிருக்கிறார். மற்ற தொழிலாளர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

சால்வை தோளில் விழுந்தது. டில்லிபாபுவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் அவர் காதருகே குனிந்தான்.

"சார், ஆப்பரேசன் சீட்டு மட்டும் குட்த்துடுங்க சார். தாங்கல."

அருள்நாதன் கேமரா பக்கம் பார்த்தபடியே, உதடு அசையாமல் பதில் சொன்னார். "மேடை என்பது முகப்பு அடுக்கு. இங்கே முடிவு எடுக்க மாட்டோம்."

டில்லிபாபு சால்வையோடு சரிந்தான். பச்சையாக வாந்தி வந்தது. யார் தூக்குவது என்று ஊழியர்கள் விதி அலுவலரைத் தேடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து காஜா மொய்தீனும் அய்யாத்துரையும் ஏறி வந்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மூட்டையை இறக்குகிற அதே பதத்தில் பூப்போல இறக்கி, ஒரு ஆட்டோவில் போட்டார்கள். ஆணையத்து ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. சீட்டு இல்லாமல் அங்கே போய்ப் பிரயோஜனமில்லை என்று நேரே அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள்.

அங்கே ஒரு இளம் டாக்டர் வயிற்றைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். குடல் சிக்கிவிட்டது, இப்போதே அறுக்க வேண்டும் என்றார். சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டே, "பேர் என்னங்க?" என்றார்.

"டில்லிபாபு."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நாலு மாதத்தில் அவன் பெயரை அவன் சொன்னபடி எழுதிய முதல் ஆள் அவர்தான். மயக்க மருந்து ஏறும்வரை டில்லிபாபு அழுதுகொண்டிருந்தான், வலி என்று நினைத்து நர்ஸ் தலையைத் தடவினாள்.

உயிர் பிழைத்தான். முழங்கை நீளத்துக்குக் குடலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. மூன்று மாதம் பளு தூக்கவே கூடாது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதி, அவனுடைய துறைமுக அட்டை எண்ணையும் குறித்து, வழக்கப்படி ஒரு பிரதியை ஆணையத்துக்கும் அனுப்பினார்.

நாலு மாதமாக ஒரு கேள்விக்கு மாடியேற வழி தெரியாத ஆணையத்தில், அந்தத் தாள் மட்டும் ஒரே நாளில் மூன்று அடுக்கும் ஏறி இறங்கியது. நான்கு கம்ப்யூட்டர்களும் புதுப்பிக்கப்பட்டன. விதி அலுவலரின் தட்டிலும் புதுச் சீட்டு விழுந்தது. மறுநாள் காலை துறைமுக வாசலில் அய்யாத்துரை அட்டையை நீட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்து காஜா மொய்தீன் நீட்டினார், சிவப்பு. பன்னிரண்டு அட்டையில் வாசலில் நீட்டப்பட்ட பதினொன்றுக்கும் சிவப்பு. மூன்று மாதம் பளு தூக்கத் தடை.

மத்தியானம் அவர்கள் பதினொரு பேரும் வார்டுக்கு வந்தார்கள். அம்மு விஷயத்தைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டில்லிபாபு எழுந்திருக்கப் பார்த்தான், தையல் இழுத்தது.

"என்னாலதான் மேஸ்திரி. அன்னிக்கு அந்த மூட்டைய கீழ போட்ருந்தா..."

"படு நைனா," என்றார் அய்யாத்துரை. "ஒருத்தனுக்கு வலிச்சா பன்னெண்டு பேருக்கும் வலிக்கணும்னு கேங்கு வெச்சப்ப நாந்தான் சொன்னேன். இவனுங்க அத்த சட்டமா போட்டுகினானுங்க."

யாரும் சிரிக்கவில்லை. காஜா மொய்தீன் மட்டும் தன் பழைய தையலை வேட்டிக்கு மேலாகத் தடவிக்கொண்டார். பிறகு பதினொரு பேரும் டோல்கேட்டுக்குப் போய் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொழிலாளியின் உடல்நலம் கருதி எடுத்த முடிவை மாற்ற இயலாது என்று குமரேசன் மலர்ந்த முகத்தோடு சொன்னான். சொல்லும்போது அவன் கண் அவர்களைப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அருள்நாதன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை இணையத்தில் முறைப்படி ஏற்றப்பட்டது. ஒருங்கிணைப்புக்குப் பிறகு தொழிலாளர் நிலைமை திருப்திகரமாக இருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. டோல்கேட் வட்டத்தில் வேலை இழந்தோர்: ஒருவர்.